உறவு என்ற கட்டம்

ஜெஜூ
12 அக்டோபர் 2022

அன்புள்ள அக்காவுக்கு,

புத்தாண்டு அட்டையைத் தவிர வேறெதுவும் உங்களுக்கு நான் எழுதி முப்பது வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது. இந்தக் கடிதத்தை மூன்றாவது முறையாக எழுதுகிறேன். முதலில் எழுதியதில் விஷயத்தைச் சொல்லவே இல்லை. இரண்டாவதில் விஷயத்தை மட்டும் சொல்லியிருந்தேன். படித்துப் பார்த்தால் மனுவைப் போல இருந்தது. இதுவும் எப்படி வருமோ தெரியவில்லை.

சென்ற மாதம் மறுவிசாரணைக் குழுவிடமிருந்து ஒரு பதிவுத் தபால் வந்தது. 1948 டிசம்பரில் இராணுவ நீதிமன்றம் தண்டித்த நம் ஊர்க்காரர்களின் வழக்குகளை அரசு வழக்கறிஞர்களே திரும்ப எடுத்து, அவர்கள் குற்றமற்றவர்கள் என்று தீர்ப்பளிக்கக் கேட்கிறார்கள். இம்முறை பட்டியலில் முப்பது பேர். பதினேழாவது பெயர் யாங் கிஜுன். கடிதத்தின் தலைப்பில் என் பெயர். அதற்குப் பக்கத்தில் ‘உறவு’ என்று ஒரு கட்டம். அதில் ‘அண்ணன் மகன்’ என்று அச்சடித்திருக்கிறார்கள்.

தொலைபேசியில் ஒரு இளைஞர் பேசினார். மரியாதையான பையன்.

“உங்க சித்தப்பாவுக்கு நேர் வாரிசு யாருமே இல்லீங்களா, ஐயா?”

“இல்லை” என்று சொல்லிவிட்டேன். அப்புறம் நானே இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டு, “ஒருவேளை இருந்தா என்ன செய்யணும்?” என்று கேட்டேன். குடும்பப் பதிவேட்டைத் திருத்த மனு போடலாம் என்றார். அதற்கு, அந்தக் காலத்தில் அந்த வீட்டில் இருந்து கண்ணால் பார்த்த ஒருவர், முத்திரை இட்ட வாக்குமூலம் தரவேண்டும். அந்த வீட்டில் அன்று இருந்தவர்களில் மிச்சம் நீங்கள் ஒருவர்தான்.

அதிகாரிக்கு எழுத வைத்திருப்பதை இங்கே எழுதுகிறேன். எனக்கு அப்போது நாலு வயது, உங்களுக்கு ஏழு. தப்பாக இருந்தால் திருத்துங்கள். இராணுவம் ஊரை எரித்ததும் எல்லோரும் மலைக்குகைக்குப் போனோம். கிஜுன், விதை பார்லி எடுத்துவர எரிந்த வீட்டுக்கு இறங்கிப் போனபோது பிடிபட்டார். பதினைந்து வருடத் தண்டனை. கடலுக்கு அப்பால் ஒரு சிறையிலிருந்து ஒரே ஒரு அட்டை வந்தது, பஞ்சு வைத்த காலுறை அனுப்பச் சொல்லி. அதற்கடுத்த கோடையில் கொரியப் போர். பிறகு தகவல் இல்லை. ஊர்ப் பதிவேடும் எரிந்துபோயிருந்ததால் புதிதாக எழுதினார்கள். அப்போது அவருடைய அண்ணன், அதாவது உங்கள் அப்பா யாங் கிபோங், என்னைத் தன் மகன் என்று எழுதி வைத்தார். கம்யூனிஸ்ட் என்று தண்டிக்கப்பட்ட சிவப்புக்காரன் பிள்ளைக்குப் படிப்பும் இல்லை, வேலையும் இல்லை என்று இருந்த காலம். அன்றிலிருந்து பெரியப்பா எனக்கு அப்பா. என்னைப் பெற்றவர் எனக்குச் சித்தி.

அக்கா, நான் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. விசாரணை டிசம்பர் 13. இந்த வருடம் மாண்டரின் ஆரஞ்சு சீக்கிரமே பழுத்துவிட்டது. ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறேன்.

தம்பி
யோங்மான்


ஒசாகா, இகுனோ
25 அக்டோபர்

யோங்மான்,

எனக்கு உன்ன மாதிரி எழுத வராது. நாலாங்கிளாஸோட சரி. பேசுற மாதிரியே எழுதுறேன், பாரு.

பழம் வந்துச்சு. பாதி புளிப்பு. கீழ்வீட்டுப் பாட்டிக்குக் குடுத்துட்டேன், அவளுக்கு நாக்கு செத்துப்போச்சு.

நீ எழுதினதுல தப்பு ஒண்ணும் இல்ல. வாத்தியார் கணக்கு தப்புமா? ஆனா ஒண்ண விட்டுட்ட. எங்கப்பா உன்னத் தன் மகன்னு எழுதி வச்சார்னு ஒரு வரில முடிச்சிட்டியே, அது ஒரு வரியா? வருஷா வருஷம் வசந்தத்துல அந்த போலீஸ் டிடெக்டிவ் வருவான். “யோங்மான் உன் பிள்ளைதானா?” “ஆமாங்க.” பளார். “உன் பிள்ளைதானா?” “ஆமாங்க.” பளார். இடது காது அப்படித்தான் போச்சு அவருக்கு. நீ உள்ள உக்காந்து வாய்ப்பாடு சொல்லிட்டிருப்ப. அந்தக் காது எந்தப் பட்டியல்ல வருது? எத்தனாவது நம்பர்?

இப்ப அரசாங்கம் மன்னிப்புக் கேக்குதாம். நல்லாருக்கு. அடிச்சவன் மன்னிப்புக் கேக்கணும்னா அடிவாங்கினவன் அடையாளச் சீட்டு காட்டணுமா? நான் போய் முத்திரை குத்தணுமா, நாங்க பொய் சொன்னோம்னு? அந்தப் பொய்யச் சொல்ல வச்சது யாரு?

அடிச்சவன் எல்லாம் செத்தாச்சு. இப்ப தலை குனியறவன் எல்லாம் அன்னிக்குப் பொறக்கவே இல்ல. அவன் எதுக்குக் குனியறான், நாம எதுக்குப் பாக்கணும்? சொல்லு.

நீ பேரை மாத்திக்கிட்டா எங்கப்பாவுக்குப் பிள்ளை இல்ல. ஒரே பொண்ணு, அதுவும் கள்ளத்தோணில ஓடிப்போனவ. அவருக்குத் திதியில சோறு வைக்கிறது யாரு? அவர் பேரு இல்லன்னா நீ வாத்தியாரா ஆயிருப்பியாடா? ஏதோ படகுல கயிறு இழுத்துட்டிருப்ப.

இன்னொண்ணும் கேக்கறேன். தொண்ணூத்தொண்ணுல சித்தி செத்தப்போ என் காகிதம் சரியில்லாம என்னால கப்பலேற முடியல. போன்ல கத்தினேன். “துக்கத்துக்குச் சணல் தொப்பியப் போட்டுக்கிட்டு மூத்த பிள்ளை கோலப் பிடிடா, இப்பவாவது பிடிடா”ன்னு. நீ என்ன சொன்ன? “ஸ்கூல்லேந்து வந்திருக்காங்க அக்கா.” அன்னிக்குப் பெத்தவ பெட்டில படுத்திருந்தா. அன்னிக்கு ஆகாத மகன், இப்ப கவர்மெண்ட் கூப்பிட்டதும் ஆயிட்டியா?

முத்திரை குத்த மாட்டேன்.

மியோங்ஓக்


ஜெஜூ
9 நவம்பர்

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைப் பத்து நாள் மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனாலும் பதில் எழுதாமல் இருந்தால் கோபம் என்று நினைப்பீர்கள். கோபம் இல்லை.

1991ஐப் பற்றி நீங்கள் சொன்னது சரி. சிவப்புக்காரன் குடும்பம் என்று ஒதுக்குவதை அதற்குப் பத்து வருடம் முன்பே சட்டத்திலிருந்து எடுத்திருந்தார்கள். எனக்கு அது தெரியும். சட்டத்தை அரசிதழில் படித்து அடிக்கோடிட்டு வைத்திருந்தேன். ஆனால் தலைமையாசிரியரும் ஆறு ஆசிரியர்களும் முற்றத்தில் நின்றபோது என் கைக்கு அந்தச் சட்டம் தெரியவில்லை. பிள்ளை பிடிக்க வேண்டிய கோலைச் சுவரில் சாய்த்து வைத்தோம். கோல், பிள்ளை எதுவும் இல்லாதவர் போலத்தான் அவரைத் தூக்கிக்கொண்டு போனோம். நான் நான்காவது வரிசையில் நடந்தேன். கணவரின் அண்ணன் மகனுக்கு அதுதான் இடம்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். அன்று பிறக்காதவன் எதற்குக் குனிய வேண்டும்? நானும் யோசித்திருக்கிறேன். 2003இல் ஜனாதிபதி இங்கே வந்து மன்னிப்புக் கேட்ட அன்று நாங்கள் ஆசிரியர் அறையில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தோம். பக்கத்தில் இருந்த உடற்பயிற்சி ஆசிரியர், “அம்பத்தஞ்சு வருஷத்துக்கு அஞ்சு நிமிஷம்! பரவால்ல, நம்ம ஹெட்மாஸ்டர் அதுகூடக் கேட்டதில்ல” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். “யாங் சார், உங்க வீட்டுலயும் யாரையோ புடிச்சிட்டுப் போனாங்க இல்ல?” என்று ஒருவர் கேட்டார். “தூரத்துச் சொந்தம்” என்றேன். எழுந்து போய்க் குழாயடியில் வெகுநேரம் கை கழுவினேன். அன்று எனக்கு வகுப்பே இல்லை. கையில் சாக்பீஸ் தூளும் இல்லை.

எனக்குத் தோன்றுவது இதுதான், தவறாகவும் இருக்கலாம். அடித்த கை செத்துப்போகும். ஆனால் தண்டனைத் தாளில் விழுந்தது கை அல்ல, ஒரு முத்திரை. அந்த முத்திரை சாகவில்லை. என் ஓய்வூதியத் தாளில் இருப்பதும் அதன் வாரிசுதான். சாகாத ஒன்று கேட்கும் மன்னிப்புக்குக் காலம் கடந்தது என்று சொல்ல முடியுமா? அதே சமயம், கேட்டு முடித்தபின் அது நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுமே என்றும் நினைக்கிறேன். இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதாகத் தெரிகிறது. நான் எப்போதும் இப்படித்தான்.

இந்த வாரம் பழைய முற்றம் அடிக்கடி நினைவுக்கு வருகிறது. உள்வீட்டில் நாம், வெளிவீட்டில் சித்தி. இரண்டு வீட்டிலும் தனித்தனி அடுப்பு. எந்தப் புகை எந்த அடுப்புடையது என்று கண்ணை மூடிக்கொண்டு நான் சொல்வேன். சித்தி பைன் கூம்புகளைப் போட்டு எரிப்பார், அதில் ஒரு பிசின் வாசனை. திதி நாட்களில் முள்ளங்கி வைத்துக் கோதுமைச் சுருள் செய்து இரண்டு வீட்டுக்கும் எண்ணிப் பங்கு போடுவார். என் பங்கில் எப்போதும் முனை சற்றுத் தடிப்பாக இருக்கும். நான் ஆசிரியர் பயிற்சிக்குப் புறப்பட்ட காலையில் நீங்கள் என் கையில் நான்கு அவித்த முட்டை கொடுத்தீர்கள். சூடாக இருந்தன. நம் அடுப்பை அன்று பற்ற வைக்கவே இல்லை. “போயிட்டு வர்றேன் சித்தி” என்றேன். “ம். பஸ் போயிடும்” என்றார்.

இதைவிட நீளமாக அவர் என்னிடம் பேசிய வேறொரு பேச்சும் எனக்கு நினைவில்லை. என்மேல் அவருக்குப் பிரியம் இருந்ததா என்றே நான் பல காலம் சந்தேகப்பட்டிருக்கிறேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

வாக்குமூலம் வேண்டாம். அண்ணன் மகனாகவே போய் உட்கார்ந்துவிட்டு வருகிறேன்.

தம்பி
யோங்மான்


ஒசாகா
27 நவம்பர்

யோங்மான்,

இத்தோட ஒரு தாள் வச்சிருக்கேன். முத்திரை குத்தியிருக்கு. பேத்தியக் கூட்டிட்டு ஆபீஸுக்குப் போய் எழுதி வாங்கினேன். அங்க இருந்த பொண்ணு, “பாட்டி, இவர் உங்களுக்குத் தம்பியா, சித்தப்பா பையனா?”ன்னு கேட்டா. “ரெண்டும்தான், நீ குத்து”ன்னேன்.

பிரியம் இருந்துச்சான்னு சந்தேகமாம். எழுபத்தெட்டு வயசுல கேக்கறான் பாரு. இதச் சொல்லாம சாகலாம்னுதான் இருந்தேன்.

உனக்கு ஞாபகம் இருக்கோ இல்லயோ, நான் உன்னக் கிள்ளுவேன். தொடைல, உள்பக்கமா. நீ வெளிவீட்டுப் பக்கம் பாத்து “அம்மா”ன்னா கிள்ளுவேன். “சித்தி” சொல்ற வரைக்கும் விடமாட்டேன். எங்கம்மாவோ அப்பாவோ சொல்லிக் கொடுத்து நான் செய்யல. சித்திதான் சொன்னா. என்னக் கிணத்தடிக்குக் கூட்டிட்டுப் போய், “மியோங்ஓக்கு, அவன் என்ன அம்மான்னு கூப்பிட்டா நல்லா கிள்ளு. அழுதாலும் விடாத. எனக்காகப் பாக்காத”ன்னா. நீ ஒரு நாள் முழுக்கச் சரியா சொன்னா எனக்கு ஒரு சுட்ட சக்கரவள்ளி. நான் ஏழு வயசுக் கழுதை. கிழங்குக்காகக் கிள்ளினேன்டா. அந்தக் குளிர்காலத்துல எங்க வீட்டுல கிழங்கே இல்ல. அவ தின்ன வேண்டியதத்தான் எனக்குக் கொடுத்திருக்கா. அது எனக்கு ஒசாகா வந்தப்புறம்தான் புரிஞ்சுது.

ஒரு நாள் டிடெக்டிவ் முற்றத்துல நிக்கறான். நீ ஓடி வந்து கல்லு தடுக்கி விழுந்த. நெத்தி பொளந்து ரத்தம். “அம்மா!”ன்னு கத்தின. சித்தி வெளிவீட்டு வாசல்ல பார்லி புடைச்சிட்டிருந்தா. அவ திரும்பல. முறத்துச் சத்தம் நிக்கவே இல்ல. ஒரே மாதிரி சளக், சளக், சளக். உள்ளேந்து எங்கம்மா ஓடி வந்து, “என் தங்கமே”ன்னு உன்னத் தூக்கினா. அவன் சித்தியவே பாத்துட்டிருந்தான். கொஞ்ச நேரம் பாத்துட்டுப் போயிட்டான். அவன் போனப்புறம் நான் போய்ப் பாத்தேன். முறத்துல ஒரு மணி இல்ல. எல்லாம் தரையில கிடக்கு. வெறும் முறத்தப் புடைச்சிட்டிருந்திருக்கா.

நெத்தியில தழும்பு இன்னும் இருக்கில்ல? அப்ப கேள்வி கேக்காத.

உன்னக் கிள்ளினதுக்கு நான் மன்னிப்புக் கேக்கறேன். அரசாங்கம் கேக்கறதுக்கு நான் பதில் சொல்ல முடியாது. எனக்கு மட்டும் நீ பதில் சொல்லு.

பேரை மாத்தறதா இருந்தா மாத்திக்க. எங்கப்பா கோவிச்சுக்க மாட்டார். அவருக்கு அந்தக் காதுல விழாது. நான்தான் கோவிச்சுக்குவேன். அது என் பாடு.

மியோங்ஓக்


ஜெஜூ
15 டிசம்பர்

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் உங்களுக்குப் பதில். தொடையில் கிள்ளியது எனக்கு நினைவில்லை. நினைவில் இருப்பது நீங்கள் என் கையைப் பிடித்துப் பள்ளிக்குக் கூட்டிப் போனதுதான். மன்னிக்க என்னிடம் ஒன்றும் இல்லை, இருந்தாலும் நீங்கள் கேட்டதால் சொல்கிறேன்: மன்னித்தேன். இந்த வார்த்தையை எழுதுவதற்கு எனக்குக் கூச்சமாக இருந்தது. எழுதியபின் நான்தான் லேசானேன்.

நேற்று முன்தினம் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

ஒன்பதே முக்காலுக்குப் போய்விட்டேன். விசாரணை பத்தரைக்கு. உங்கள் தாள் உள்சட்டைப் பையில். பக்கத்து நாற்காலியில் மிகவும் வயதான ஒரு அம்மா, மகள்வழிப் பேரனுடன் வந்திருந்தார்.

“உனக்கு யாருப்பா?” என்றார்.

“சித்தப்பாங்க. உங்களுக்கு?”

“புருஷன். பதினெட்டு நாள் குடித்தனம். மூஞ்சி மறந்துபோச்சு. வயலுக்கு முன்னால போவான், முதுகுதான் ஞாபகம் இருக்கு. இன்னிக்கு அவன் நிரபராதின்னு சொல்லப்போறாங்களாம். எழுபத்திநாலு வருஷமா எனக்குத் தெரியும், இவங்களுக்கு இன்னிக்குத்தான் தெரிஞ்சிருக்கு. மெதுவா படிக்கிற பசங்க.”

நான் சிரித்துவிட்டேன். நீதிமன்றத்தில் சிரித்தேன் என்று நினைத்துப் பயந்து சுற்றிலும் பார்த்தேன்.

அரசு வழக்கறிஞர் ஒரு இளம்பெண். குற்றத்துக்கு எந்தச் சான்றும் இல்லை, முறையான விசாரணை நடந்ததற்கும் சான்று இல்லை, அனைவரையும் குற்றமற்றவர்கள் என அறிவிக்கக் கோருகிறேன் என்றார். பிறகு குடும்பத்தார் பேசலாம் என்றார்கள். பெயர் கூப்பிட்டதும் எழுந்து, உறவைச் சொல்லி, விரும்பினால் ஒரு வார்த்தை பேசலாம்.

“யாங் கிஜுன்.”

எழுந்தேன். “அண்ணன் மகனுங்க” என்றேன். “பேசறதுக்கு ஒண்ணும் இல்லைங்க.” உட்கார்ந்துவிட்டேன்.

அக்கா, உங்கள் தாள் பையில் இருந்தது. அதை மறக்கவில்லை. வாய் தானாகவே சொல்லிவிட்டது.

பையை அழுத்திக்கொண்டிருந்த என் கையை அந்த அம்மா பார்த்தார். “சித்தப்பனுக்காய்யா நெஞ்ச இப்படிப் பிடிச்சிட்டிருக்க?” என்றார். மெதுவாகச் சொல்வதாக நினைத்துச் சொன்னார். அறை முழுக்கக் கேட்டது.

நீதிபதி முப்பது பெயர்களையும் ஒவ்வொன்றாக வாசித்து, ஒவ்வொன்றுக்கும் பின்னால் “குற்றமற்றவர்” என்றார். சேர்த்து ஒரே வாக்கியத்தில் சொல்லியிருக்கலாம்; அப்படிச் செய்யவில்லை. முடித்ததும் எழுந்து நின்று, இவ்வளவு தாமதமானதற்கு நீதிமன்றம் வருந்துகிறது என்று தலை குனிந்தார். அவருக்கு ஐம்பது வயதுகூட இருக்காது. நீங்கள் சொன்னதைப் போல அன்று பிறக்காதவர்தான். எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. அந்தக் குனிவை நான் வாங்கிக்கொள்ள முடியவில்லை. அது என்னைத் தாண்டி, யாங் கிஜுனின் மகன் எங்கே என்று தேடுவதைப் போல இருந்தது.

அப்போது கையைத் தூக்கினேன். எத்தனையோ ஆயிரம் பிள்ளைகளைக் கை தூக்கச் சொல்லியிருக்கிறேன். நான் தூக்கியது அநேகமாக அதுதான் முதல் முறை.

“ஐயா, முன்னாடி நான் தப்பாச் சொல்லிட்டேன். நான் யாங் கிஜுனோட மகன். என்னப் பெத்தவங்க பேரு சோங் மால்சுன். நெனவு தெரிஞ்சு அவங்கள நான் அம்மான்னு கூப்பிட்டதில்ல. கூப்பிட்டா நான் பொழைக்க மாட்டேன்னு அவங்களே கூப்பிட விடல. அவங்க எனக்கு அம்மாங்க.”

இவ்வளவுதான் பேசினேன். இதற்குள் மூன்று தடவை தண்ணீர் குடித்தேன்.

நீதிபதி தாளைப் புரட்டினார். “ஆவணத்துல நீங்க அவரோட அண்ணன் மகன்னு இருக்குங்களே. திருத்தத்துக்கு மனு போட்டிருக்கீங்களா, ஐயா?”

“இல்லீங்க.”

“போடலாமே. இப்ப வழி இருக்கு. சாட்சி யாராச்சும் இருக்காங்களா?”

“இருக்காங்க. எங்கக்கா. முத்திரை போட்ட தாள் பையில இருக்கு.” அப்போதுதான் எனக்குத் தெளிந்தது, அக்கா. வீட்டில் எத்தனை நாள் யோசித்தும் தெளியாதது. “ஆனா போடப் போறதில்லீங்க. அந்த ஏட்டுல இருக்கறவர் யாங் கிபோங். அவர் என்னத் தன் மகன்னு சொன்னதுக்கு ஒவ்வொரு வருஷமும் அடி வாங்கினார். ஒரு காது போச்சு. அவர் சொன்னத நான் பொய்யின்னு எழுதிக் கொடுக்க மாட்டேன். இங்க நான் சொன்னத மட்டும் எழுதிக்கிட்டாப் போதும்.”

எழுத்தர் தலையை நிமிர்த்தி, “ரெண்டும் பொருந்தாதுங்களே” என்றார். நீதிபதியிடம் சொன்னாரா, என்னிடம் சொன்னாரா தெரியவில்லை.

நீதிபதி கையிலிருந்த தாளை மூடி வைத்தார். பிறகு, “அவர் சொன்னது சொன்னபடியே பதிவாகட்டும்” என்றார். தட்டச்சுச் சத்தம் கேட்டது. நான் அது முடியும்வரை நின்றுகொண்டே இருந்தேன். “சோங் மால்சுன், எழுத்து சரியா பாருங்க” என்று திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார் எழுத்தர். சரியாக இருந்தது.

இனி திதிகளைப் பற்றி. உங்கள் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் எப்போதும் போல நான் வைப்பேன். என் அப்பா இறந்த நாள் தெரியாததால் அவர் பிறந்த நாளன்று வைக்கிறேன். அம்மாவுக்கு மார்ச் 4. அன்று மூத்த பிள்ளை இடத்தில் நான் நிற்பேன். உங்களுக்கு இப்போது காகிதம் சரியாக இருக்கிறது, விமானம் இரண்டு மணி நேரம்கூட இல்லை. முழங்கால் வலி என்று சொல்லாதீர்கள். எனக்கும்தான் வலிக்கிறது.

நாற்பது வருடம் பள்ளிப் பதிவேடுகளை ஒத்துப் பார்த்தவன் நான். இரண்டு ஏடு பொருந்தவில்லை என்றால் எனக்குத் தூக்கம் வராது. இப்போது இந்த அரசாங்கத்தின் ஒரு ஏட்டில் நான் யாங் கிபோங்கின் மகன். இன்னொரு ஏட்டில் யாங் கிஜுனின் மகன். இரண்டிலும் அதன் முத்திரை இருக்கிறது. நாம் எல்லோரும் போனபிறகு என்றாவது யாராவது ஒரு எழுத்தர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்; இது எப்படி என்று கேட்டாக வேண்டியிருக்கும். தேடிப் போனால் எல்லாம் தெரியவரும். மன்னிப்புக் கேட்டுவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போக அந்த முத்திரையை நான் விடவில்லை.

நேற்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

உங்கள் தம்பி
யோங்மான்